‘ஒன்றும் இல்லை’ என்று கையெழுத்துப் போட மாட்டேன்

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. என் முட்டி நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ நலமாக இருக்கிறாய் என்பதை நீ வாங்கியிருக்கும் கார் எனக்குச் சொல்லிவிடுகிறது. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை கோபமாகச் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் மீட்டிங் வராது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதும் தெரியும். புனேயில் இந்தக் கட்கியில் பிறந்து, தெருவில் மராத்தியும் கடையில் ஹிந்தியும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் பேசி வளர்ந்த பிள்ளை. உன் மனைவி கோயம்புத்தூர்க்காரி, கடகடவென்று படித்து அர்த்தமும் சொல்லிவிடுவாள். அவளிடம் கொடுக்காதே. நீயே உட்கார்ந்து படி. நிறுத்தி நிறுத்திப் படித்தால்தான் நான் சொல்வது உனக்குள் இறங்கும்.

பட்ஜெட் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டில் சாப்பாடு. உன் ஆபீஸ் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். டிவியில் கோட்டு போட்டவர்கள் வரியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையிலிருந்து குழம்புக் கிண்ணத்தோடு வருகிறேன், நீ கோழிக்காலைக் கையில் பிடித்தபடி ஹிந்தியில் சொல்கிறாய்: "டேக்ஸ் ஹம் பர்தே ஹைன், பென்ஷன் பூடே லோக் காதே ஹைன்." வரி கட்டுவது நாங்கள், பென்ஷனைத் தின்பது கிழடுகள். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்த ஒரு பையன் மட்டும் சட்டென்று தட்டைப் பார்க்க ஆரம்பித்தான். நீ அடங்கவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் வேறு விளக்கம் கொடுத்தாய். "உன்னைச் சொல்லலம்மா. ஆனா நீயே சொல்லு, உனக்கு எதுக்குப் பென்ஷன்? நான் இருக்கேன்ல? பசங்க சம்பாதிக்கறவங்களுக்கு நிறுத்திட்டு, இல்லாதவங்களுக்குக் குடுத்தா நல்லதுதானே?" உன் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனேன். உன் மனைவிதான் பின்னாலேயே வந்து, "அவரு அப்படித்தான் பேசுவாருங்க அத்தை, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்?

'தின்பது' என்றாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வெடிமருந்து ஃபாக்டரியில் உன் அப்பா லாரி ஓட்டினார், நான் ஃபில்லிங் செக்‌ஷனில் இருந்தேன். அங்கே என்ன செய்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. குண்டுக்குள் மருந்து நிரப்புகிற இடம் அது. ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டினால் உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. மெட்டி கூடாது, வளையல் கூடாது, கம்மல் கூடாது, தலையில் ஊக்கு கூடாது. தாலிச் சரட்டில் தங்கத்துக்குப் பதில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டிக்கொண்டு போனோம். பை இல்லாத பருத்திக் கோட்டு, நாடா வைத்துக் கட்டுவது. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மாள் சோதனை போடுவாள். நாங்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்போம். "குச் ஹை?" என்பாள். "குச் நஹி" என்போம். ஒன்றும் இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால்தான் உள்ளே விடுவாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் மெட்டியையும் கம்மலையும் கழற்றி உன் கையில் கொடுப்பேன், ஞாபகம் இருக்கிறதா? நீ உன் காம்பஸ் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வாய். சாயங்காலம் நான் வந்ததும் நீயே கீழே உட்கார்ந்து விரலில் மாட்டிவிடுவாய். என் உள்ளங்கை மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அம்மா ஃபாக்டரியில் மஞ்சள் அரைக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது மருந்துப் பொடி. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் நாக்கில் கசக்கும்.

அந்த நாளில் பக்கத்துப் பிம்ப்ரியில் இருந்த தனியார் கம்பெனிகளில் எங்களைவிட நல்ல சம்பளம். எங்கள் ஆட்கள் கேட்டால் அதிகாரிகள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: உங்களுக்குத்தான் பென்ஷன் இருக்கிறதே. அதாவது, அன்றைக்குக் கொடுக்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னால் தருகிறேன் என்றார்கள். நம்பி வேலை பார்த்தோம். இன்றைக்கு அதை நான் வாங்கினால் உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தின்கிறேன் என்கிறாய். உனக்குக் கூச்சமாக இல்லையா? நீ படித்த காலேஜுக்குக் கட்டியது யார் கை என்று நினைத்தாய்? மஞ்சள் கைதான். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிக் காட்டுகிறேன், வைத்துக்கொள்.

வரி கட்டுவது நீங்கள் மட்டும்தான் என்று யார் உனக்குச் சொன்னது? வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்தார்கள். இப்போது பென்ஷனையும் சம்பளம் மாதிரியே கணக்கில் எடுக்கிறார்கள். உன் அப்பா போன பிறகு வருகிற குடும்பப் பென்ஷனும் அதோடு சேர்கிறது. பாங்கு வட்டி வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகிறது. தேய்ந்த அந்த வட்டியிலும் என் கண்ணில் காட்டாமலே கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை பாங்கில் இருக்கும் பையன் இரக்கப்பட்டு, வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் தாள் ஒன்றை நீட்டினான். "வரி வராதவங்கதானேப்பா இதைக் குடுக்கணும்?" என்று கேட்டேன். "பக்தோ கோண், மாவ்ஷி?" என்றான். யார் பார்க்கிறார்கள் பெரியம்மா என்று அர்த்தம். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருஷா வருஷம் நவம்பரில் அதே பையன் எதிரில் போய் நின்று, நான் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டு வருகிறவள் நான். உயிரோடு இருப்பதற்கே அத்தாட்சி கேட்கிறவர்களிடம் பொய் எழுதிக் கொடுத்துவிட்டு யார் வயிற்றில் நெருப்போடு இருப்பது?

ரேஷன் கார்டுக்குக் கலர் கொடுத்த வருஷத்தை எடுத்துக்கொள். நீ ரஞ்சன்காவ் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்திருந்தாய். உன் சம்பளச் சீட்டு, அப்பா சீட்டு, என் சீட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு நமக்கு வெள்ளைக் கார்டு கொடுத்தார்கள். வெள்ளைக்கு அரிசியும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது. நம் லைனுக்கு எதிரே கிராணா என்கிற மளிகைக் கடை வைத்திருப்பவருக்குக் கடையும் உண்டு, சால் வரிசை வீடுகளில் வரும் வாடகையும் உண்டு. அவருக்கு ரேஷன் கிடைக்கும் காவி கார்டு. நான் இன்ஸ்பெக்டரிடமே போய்க் கேட்டேன், இது என்ன நியாயம் என்று. "மாவ்ஷி, துமச காகதாவர் திஸ்தய்" என்றார். உங்களுடையது காகிதத்தில் தெரிகிறதே என்றார். கடைக்காரரின் கல்லாவுக்குக் காகிதம் ஏது? அப்பா அந்த வெள்ளைக் கார்டை ட்ரங்குப் பெட்டியில் போட்டு மூடி, "இனிமே இது அட்ரஸ் காட்டத்தான் ஆவும்" என்றார். இருக்கிறவனிடம் அதிகம் எடு, இல்லாதவனுக்குக் கொடு என்றால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்? பெரிய பென்ஷன் வாங்கிக்கொண்டு பங்களாவில் நாய் வளர்க்கும் அதிகாரியிடம் என்னைவிடக் கூட்டியே பிடிக்கட்டும். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் சம்பளச் சீட்டு வைத்திருக்கிறவன் வீட்டுக் கதவை மட்டும்தான் தட்டுகிறார்கள். அதற்குப் பெயர் நியாயம் இல்லை, சோம்பேறித்தனம்.

பசங்க சம்பாதித்தால் நிறுத்திவிடலாம் என்றாய். அது ஏற்கெனவே ஒருத்தி விஷயத்தில் நடந்திருக்கிறது. முனியம்மா அத்தையைத் தெரியும் உனக்கு. ஏரவாடாவிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் கேன்டீனில் பாத்திரம் தேய்த்தவள். கான்ட்ராக்டர் ஆள், அதனால் அவளுக்குப் பென்ஷன் கின்ஷன் எதுவும் கிடையாது. புருஷன் செத்த பிறகு, ஆதரவில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் மாசப் பணத்துக்கு எழுதிப் போட்டாள். நான்தான் கூடப் போனேன். அந்த ஆபீஸில் இருந்தவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மகன் இருக்கிறானே, அவன் ரிக்‌ஷா ஓட்டுகிறானே, உனக்கு எதற்கு என்று கேட்டார். நீ கேட்டாயே, அதே கேள்வி. அந்த மகன் குடித்துவிட்டு வேறு ஒருத்தியோடு எங்கோ இருக்கிறான். தாய்க்குக் காய்ச்சல் என்றால் எட்டிப் பார்க்கிறவன் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு முனியம்மா சிரித்தாள். "புள்ள கீறான்னு எழுதிட்டாங்கம்மா. கீறான், நான் இன்னா இல்லன்னா சொன்னேன்? ரேஷன் கார்டுல கீறான்." இன்னமும் யார் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள். உன் திட்டப்படி நடந்தால் கட்கி லைனில் பாதிப் பெண்கள் அவளோடு போய் உட்கார வேண்டியதுதான். பிள்ளையின் சம்பளத்தை அம்மாவின் வருமானமாக எழுதிக்கொள்கிறவர்கள், பிள்ளை அதைக் கொடுக்கிறானா என்று ஒரு நாளாவது வந்து பார்ப்பார்களா? நீ கொடுக்க மாட்டாய் என்று சொல்லவில்லை. கொடுப்பாய். ஆனால் நான் கேட்க வேண்டும், நீ பர்ஸைத் திறக்க வேண்டும், மருமகள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

இதெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். வாய்த்துடுக்கு, அப்பாவைப் போல என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் கட்கிக்கு வந்தாய். டீ குடித்தாய். ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாய். பெற்றோருக்கும் உன் கம்பெனி வைத்தியச் செலவு கொடுக்குமாம், ஆனால் அவர்கள் முழுக்கப் பிள்ளையை நம்பி இருப்பவர்களாக இருக்க வேண்டுமாம். எனக்குச் சொந்த வருமானம் ஏதும் இல்லை என்று அதில் அடித்திருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு போட்டு வைத்திருந்தாய்.

"அப்ப என் பென்ஷன்?" என்று கேட்டேன்.

"அதை எதுக்கும்மா எழுதணும்? ஃபார்மாலிட்டிதான் இது. யாரும் செக் பண்ண மாட்டாங்க."

"பொய்யாச்சேடா."

"எல்லாரும் பண்றாங்கம்மா. முட்டிக்குக் கம்பெனி, ஃப்ளாட்டுக்கு உன் டெபாசிட். எல்லாம் கரெக்டா செட் ஆவுது. நீ ஒண்ணும் யோசிக்காத."

வாக்கட் பக்கம் நீ பார்த்து வைத்திருக்கும் ஃப்ளாட்டுக்கு முன்பணமாக என் டெபாசிட்டைத் தருகிறேன் என்று நான்தான் வாய் கொடுத்திருந்தேன். அதனால்தான் உனக்கு எல்லாம் செட் ஆனது. யோசித்துப் பார். உன் வீட்டு மேஜையில் நான் பென்ஷனைத் தின்கிறவள். என் வீட்டு மேஜையில் எனக்குப் பென்ஷனே இல்லை. சர்க்கார் வருமானத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம். உன் கம்பெனி அதே சோதனையை வைத்தால் அம்மாவைப் பொய் சொல்லச் சொல்லி அதைத் தாண்டப் பார்க்கிறாய். சோதனை எல்லாம் மற்றவர்களுக்குத்தானா? வெட்கமாக இருந்தது எனக்கு. உனக்கும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

நான் ஏன் போட மாட்டேன் என்று கேட்டுக்கொள். நீ ஸ்கூலில் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலை உனக்குத் தலை சீவி, சோறு கட்டி, அவசரத்தில் கிளம்பினேன். மெட்டி, கம்மல் எல்லாம் கழற்றிவிட்டேன். சிவப்புக் கோட்டருகே கையைத் தூக்கி "குச் நஹி" என்றேன். சோதனை போடும் அம்மாள் கொண்டையில் கையை விட்டாள், ஒரு ஊக்கு வந்தது. தலைக்குள் சிக்கியிருந்தது, சத்தியமாக எனக்குத் தெரியாது. அதை உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னோடு உள்ளே போக இருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது போதும். அந்தக் கட்டடத்தில் ஒரு பொறி விழுந்தால் வீடு திரும்ப ஒருத்தி மிஞ்ச மாட்டாள். அவர்கள் எல்லாரும் என் வாயிலிருந்து வரும் அந்த 'ஒன்றும் இல்லை'யை நம்பித்தான் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அன்று சம்பளத்தை வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தே வந்தேன். அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை, கூந்தலை ஒவ்வொரு பிரியாகப் பிரித்துத் தடவிப் பார்க்காமல் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தெரியாமல் சொன்னதற்கே அப்படிக் கூசியது. தெரிந்தே எழுதச் சொல்கிறாய் நீ, பென்சிலால் இடம் காட்டி.

காகிதத்தில் ஒரு வரி, யாருக்கு என்ன நஷ்டம் என்பாய். முதல் நஷ்டம் எனக்குத்தான். பென்ஷன் இருப்பதால்தான் நான் இந்தக் கட்கியில் வாடகையை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, என் பூட்டை நானே பூட்டிக்கொண்டு இருக்கிறேன். அது இல்லை என்று என் கையாலேயே எழுதினால், அத்தனை வருஷம் மருந்துப் பொடியில் உட்கார்ந்ததும் இல்லை என்றுதானே ஆகும்? உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். உன் கம்பெனியில் என்னைப் போலப் பென்ஷன் கிடையாது. கை நிறைய வருகிற இந்த நாளிலேயே உன் பெயரில் கொஞ்சம், உன் மனைவி பெயரில் கொஞ்சம் தனித்தனியாக எடுத்து வை. வரியை ஒழுங்காகக் கட்டு, கட்டுகிறேன் என்று யார்மேலும் கையை ஓங்காதே. நாளைக்கு உன் பிள்ளை சாப்பாட்டு மேஜையில் உன்னைப் பார்த்து, உனக்கு எதற்கு என்று கேட்கும்போது உனக்குப் பதில் இருக்க வேண்டும்.

உன் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறியை அழித்துவிட்டேன். பென்ஷன்காரர்களுக்கு இருக்கும் சர்க்கார் டிஸ்பென்சரியில் நடையாய் நடந்து, ஆபரேஷனுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அவர்கள் கொடுப்பது பாதிக்குத்தான் வரும். மீதிக்கு டெபாசிட்டை நேற்று உடைத்துவிட்டேன். அந்த பாங்குப் பையன், "மாவ்ஷி, வட்டி போயிடுமே" என்றான். போகட்டும் என்றேன். வரி பிடிப்பதற்கும் இனி அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. வாக்கட் ஃப்ளாட்டுக்கு நீ வேறு வழி பார்த்துக்கொள். வாய் கொடுத்துவிட்டு மாறுகிறேன் என்று சொல்வாயானால், ஆமாம், மாறுகிறேன். நீ கேட்ட அந்தப் பணம் இனிமேல் என் முட்டிக்குள் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தபோது யார் சம்பாதித்துக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டார்கள். சொந்தப் பென்ஷன் என்று சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு இன்னொன்று சொன்னாள்: தியேட்டருக்குள் போகும்முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம், கம்மலைக் கழற்றி வீட்டு ஆளிடம் கொடுத்துவிட வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெட்டிதான் உன் அப்பாவோடு போய்விட்டது, கம்மல் இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் யாரிடம் கொடுப்பீர்கள் என்று அவள் கேட்டபோது, எனக்கு உன் பெயரைத் தவிர வேறு பெயர் வாயில் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, காலையில். என்மேல் கோபமாகவே வா, பேசாமல்கூட நில். கம்மலை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, நான் கண்ணைத் திறந்ததும் மாட்டிவிடு.